குமிழி உள்ள கோலி

9 ஆகஸ்ட் 1968, வெள்ளி. ராயபுரம்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு பிலோமினா ஒரு கோலிக்குண்டோடு வந்தாள். நான் பழைய கோலிகள் சேர்ப்பது தெருவுக்கே தெரியும். "எங்க வூட்டுக்காரு கப்பல்லேர்ந்து அனுப்புனது. சீமக் கோலிதானேண்ணே?" என்றாள்.

விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே இலை போல மூன்று மஞ்சள் கீற்றுகள். கையால் செய்த பழைய சீமைக் கோலியென்றால் உள்ளே நூல் நூலாக முறுக்கு ஓடும். கண்ணாடிக் கம்பியிலிருந்து வெட்டிய தழும்பு அடியில் விரலுக்குத் தட்டுப்படும். இதில் எதுவும் இல்லை. வண்ணாரப்பேட்டையில் குவித்து வைத்து விற்கிற இயந்திரக் கோலி. அப்படியே சொன்னேன்.

"தெரியும். நாந்தான் வாங்குனேன். உன் கண்ணுக்குத் தப்பிடுமான்னு பாத்தேன்."

கப்பலுக்குப் போனவனிடமிருந்து ரொம்ப நாளாகத் தகவல் இல்லை. மகளின் பிறந்தநாளுக்கு அப்பா அனுப்பியதென்று இதைக் கொடுத்திருக்கிறாள். கூடப் படிக்கிற பெண்ணிடமும் இதே கோலி இருக்கிறதாம்; மகளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி ரெண்டையும் எடுத்துகினு உங்கிட்ட வருவா. வேற வேறன்னு சொல்லிடுண்ணே. நீ சொன்னா நம்புவா."

திருப்பிக் கொடுக்குமுன் இன்னொரு தடவை பார்த்தேன். ஓரத்தில் கடுகளவு காற்றுக் குமிழி. இத்தனை வருஷமாகக் குமிழி இருந்தால் மட்டம் என்று ஒதுக்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அதுதான் சீமைக் கோலிக்கு அடையாளம்.

அந்த இன்னொரு கோலியில் குமிழி இருக்கக் கூடாது.