நுழைந்ததும் ஒரு தள்ளு

மார்ச் 4

குழந்தைகள் வார்டுக்குப் போகவேண்டிய மருந்துப் பம்ப்பை இன்று மேசையில் வைத்து ஓட்டினேன். 'ஓடும் நிலை'க்குள் நுழைந்ததும் ஒரு தள்ளு, குழாய் நிரம்புவதற்காக. பிறகு நிதானமாகச் சொட்ட வேண்டும். அதன் புரோகிராமை அப்படித்தான் எழுதியிருக்கிறேன். நடுவில் வேகத்தைக் குறைத்தேன். மறுபடியும் ஒரு தள்ளு! குறைக்கச் சொன்னால் கூடுதலாக ஊற்றுகிறது. கைக்குழந்தை தாங்குமா?

போன வாரம் இது இல்லை.

மார்ச் 5

என் வரிகள் அப்படியே இருக்கின்றன. அப்படியென்றால் வேறெங்கோ யாரோ கை வைத்திருக்கிறார்கள். அறையில் இருப்பது நானும், மனசுக்குள் நான் மீசை என்று கூப்பிடும் எங்கள் சீனியரும்தான். நான் உள்ளே போனாலே திரையைச் சட்டென்று மூடுகிறார். எதற்கு?

மார்ச் 6

கேட்டே விட்டேன். "நான் எதுக்கும்மா உன்னோடதுல கை வைக்கப்போறேன்?" என்றார். இவ்வளவு இனிமையாக அவர் பேசியதே இல்லை.

வீட்டில் சொன்னால் என் கணவர் சிரிக்கிறார். "நீ உப்பு டப்பாவையே சந்தேகப்படுற ஆளு." சிரிக்கட்டும்.

மார்ச் 9

சாப்பிட்டுத் திரும்பினால் மீசை என் பம்ப்பின் முன்னால்! குழாயின் கீழே டீ கப். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்து, வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அந்தக் கூடுதல் தள்ளை நானும் பாத்தேன். நீதான் எதையோ மாத்திட்டு மறைக்கிறேன்னு நெனச்சேன்மா. அதான் தினம் உன் வரிகளைத் திறந்து பாத்துட்டு, நீ வந்ததும் மூடிடுவேன்."

அட, இவர் என்னையா! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வெட்கமும்தான்.

மார்ச் 10

சேர்ந்து தேடினோம். இருவருமே தொடவில்லை. நிலை மாற்றங்களைக் கவனிக்கும் லைப்ரரி, அதாவது வெளியாட்கள் எழுதி நாங்கள் எடுத்துப் பயன்படுத்தும் புரோகிராம், தானாகவே புதிய பதிப்புக்கு மாறியிருக்கிறது. பழையதில் வேகத்தை மாற்றினால், ஓடும் நிலையிலேயே இருப்பதாகக் கணக்கு. புதியதில், வெளியே போய்த் திரும்ப உள்ளே நுழைவதாகக் கணக்கு. நுழைந்தால் தள்ளு!

தள்ளும் வேலையைப் பிரித்து, தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் வரும் 'நிரப்பும் நிலை'க்குக் கொடுத்தோம். லைப்ரரி இனி எங்களைக் கேட்காமல் மாறாது.

மார்ச் 13

வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தாயிற்று. கப்பில் சொட்டு மட்டும்தான். மதியம் பம்ப் வார்டுக்குப் போயிற்று.

அதற்கு முன், காலையில் அறைக்குள் நுழைந்ததும் என் கண் நேராக மீசையின் திரைக்குத்தான் போனது. பழக்கம். அவர் மூடவில்லை. திரையில் என் வரிகள்.

"இன்னும் சந்தேகமா சார்?"

"உன்மேல இல்லம்மா. வா, நீயும் பாரு."

நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.