போனைப் பிடித்திருக்கும் கை

பரளச்சி,
ஐப்பசி மாதம், வியாழக்கிழமை.

அன்புள்ள ரேணுகாவுக்கு,

கையில் போன் இருக்கும்போது இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுவார்கள் என்று நீ சிரிப்பாய், மன்னித்துக்கொள். குரல் செய்தியாக அனுப்பலாமென்று பேசிப் பார்த்தேன், திருப்பிக் கேட்டபோது என் குரலே எனக்குக் கூச்சமாக இருந்தது, அழித்துவிட்டேன். எழுத்தாக அனுப்பினால் நீ பார்த்துவிட்டாயா என்று நீல டிக்கையே பார்த்துக்கொண்டு அடுப்பில் இருப்பதைத் தீய விட்டுவிடுவேன். தபாலில் அந்தத் தொல்லை இல்லை. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். நைட் டூட்டியில் நின்று நின்று உனக்குக் கால் வீங்கியதாகச் சொன்னாயே, அது வடிந்திருந்தால் எங்கள் சுகம் முழுசாகும்.

நீ புனேக்குக் கிளம்பும் முன் அப்பா போனில் ஏற்றி, எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன ஆப் எல்லாம் நன்றாக வேலை செய்கின்றன. கேஸ் சிலிண்டர் அதில்தான் பதிகிறேன். கரண்டு பில்லு கட்டணும் ஆத்தா என்று தங்கசாமி மாமா வந்து நின்றுவிடுவார், அவருக்கு ரெட்டியபட்டிக்கு ஷேர் ஆட்டோ ஏறுகிற அலைச்சல் மிச்சம். எங்கள் வீட்டில் முதன்முதலில் காலேஜ் போனவள் நான், அந்த டிகிரி பெண் பார்க்க வந்தபோது சொல்லிக்கொள்ளத்தான் உதவியது, இப்போது தெருவுக்கே கரண்டு பில் கட்ட உதவுகிறது. அப்பாவுக்குப் பிடித்தது ரயில் எங்கே வருகிறது என்று காட்டும் ஆப். உன்னை மதுரையில் ஏற்றிவிட்டு வந்த அன்று அந்த நீலப் புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். நீ போய்ச் சேர்ந்த பிறகும் அந்த வண்டி ஓடுகிற நாளெல்லாம் திறந்து பார்க்கிறார். அதுல யாரு வாரான்னு பாக்குறீக என்று கேட்டேன். ஒருத்தரும் இல்ல, சும்மா வண்டி சரியான நேரத்துக்குப் போகுதான்னு பாத்தேன் என்கிறார்.

மழை ஆப்பில் ஒரு கூத்து நடந்தது, போனில் சொல்ல அப்பா விடவில்லை. நம் ஊரோடு உன் ஊரையும் அதில் நான் சேர்த்து வைத்திருந்தேன், நாள்தோறும் அதையே பார்த்ததில் புனே முதலில் வந்து நின்றுவிட்டது. அப்பா போனை எடுத்தார், மேகமும் மழையுமாகப் படம், சாயங்காலம் கட்டாயம் மழை என்று அதில் போட்டிருந்தது. ஊர்ப் பெயரைப் பார்க்கவில்லை. உடனே யூரியா மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் மக்காச்சோளத்துக்கு வீசிவிட்டு வந்து வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. விஷயம் தெரிந்து தங்கசாமி மாமா, என்ன மாப்ள, புனேயில மழை பெஞ்சா பரளச்சியில கருது வெளையுமா என்று கேலி செய்தார். நல்லவேளை இரண்டு நாளில் இங்கும் ஒரு தூறல் விழுந்தது, பயிர் தப்பித்தது. நம் ஊரை முதலில் மாற்றி வைக்கவா என்று அப்பாவிடம் கேட்டேன். இருக்கட்டும் புள்ள, இங்க பெஞ்சா தலையில விழுகும்ல, தெரிஞ்சுரும், அவ நனையிறாளா இல்லையான்னு அதுலதான தெரியும் என்றார். அப்படியே விட்டுவிட்டேன். குடை எடுத்துப் போகிறாயா இல்லையா.

இன்னொன்று. போட்டோ ஆப் முகங்களைப் பார்த்து ஆளுக்கொரு வட்டமாகப் பிரித்து வைக்கிறதே, அது போன வாரம் இரண்டு முகத்தைக் காட்டி இருவரும் ஒருவர்தானா என்று கேட்டது. ஒன்று நர்ஸ் உடுப்பில் நீ. இன்னொன்று சுவரில் மாலை போட்டிருக்கும் முருகேஸ்வரி அக்கா, நீ புனேக்குக் கிளம்பிய அன்று இந்தப் போனில் எடுத்த படம். பெற்ற தாயையும் மகளையும் பிரித்துச் சொல்ல அதற்குத் தெரியவில்லை. எதை அமுக்குவது என்று எனக்கும் தெரியாமல் அப்பாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, ஆமான்னே அமுக்கு என்றார். அமுக்கினேன். இப்போது நீயும் அக்காவும் ஒரே வட்டத்தில் இருக்கிறீர்கள், அது எனக்கும் நிறைவாகத்தான் இருக்கிறது. அப்பாவுக்கு ஒரு வட்டம், தங்கசாமி மாமாவுக்கு ஒன்று, நம் கருப்பன் நாய்க்குக்கூட ஒன்று. எனக்குத் தேடிப் பார்த்தேன், இல்லை. வீடியோவில் பேசும்போதும் போனைக் காதில் வைத்துக்கொண்டு உனக்குத் தன் காதையே காட்டிக்கொண்டிருந்த மனுஷன் உன் அப்பா, அதனால் பிடிப்பது எப்போதும் நான். போட்டோ எடுப்பதும் நான். சில படங்களின் ஓரத்தில் என் கட்டைவிரல் இருக்கிறது, விரலுக்கெல்லாம் அது வட்டம் போடாது போலிருக்கிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. அங்கே சப்பாத்தி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அரிசி வாங்கி வைத்துக்கொள், கூச்சப்படாதே. யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதே, இதை நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய், இருந்தாலும் சொல்கிறேன். டூட்டி முடிந்து ரூமுக்குப் போனதும் ஒரு கட்டைவிரல் படம் போட்டால் போதும், அப்பா நிம்மதியாகத் தூங்குவார். உடம்பும் மனசும் தெம்பாக இருந்து, கைராசிக்காரி என்று நோயாளிகள் வாயால் நீ பேர் வாங்க வேண்டும். அக்கா உன்னோடு துணைக்கு இருப்பார்.

உன் சித்தி,
மாரிக்கனி.

இன்லேண்டு லெட்டரை ஒட்டுகிற மடிப்பில் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது, போனை நீங்க பிடிங்கப்பா, சித்தியைக் காட்டுங்க என்று நீயாக ஒரு வார்த்தை சொல்வாயா. நானாக முன்னால் வந்து நிற்க எனக்கு வரவில்லை. அப்பா கோணலாகத்தான் பிடிப்பார், என் காது மட்டும் தெரிந்தாலும் பரவாயில்லை, அதை ஒரு படம் எடுத்து உன் போனில் வைத்துக்கொள்.