என் பிறந்த நாட்டை நகர்த்த வேண்டாம்

அனுப்புநர்:
நிக்கனோர் அர்கெத்தா (வயது 78),
உருளைக்கிழங்கு விவசாயி,
பினால் ஆல்தோ மலையூர்.

பெறுநர்:
மாவட்டப் பதிவாளர் அவர்கள்,
மக்கள் பதிவு அலுவலகம்.

பொருள்: அடையாள அட்டையில் நான் பிறந்த நாட்டைத் திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கையால் நான் எழுதும் முதல் மனு இது. சென்ற ஆண்டு முதியோர் வகுப்பில்தான் எழுத்துக் கற்றேன். மூன்று நாள்களாக எழுதுகிறேன், மகிழ்ச்சியாக இருக்கிறது.

2. படிக்கத் தெரிந்ததும் என் அடையாள அட்டையைப் படித்தேன். பெயர் சரி. பிறந்த நாடு ஹோண்டுராஸ் என்றிருந்தது. யாரோ நிரப்பிய படிவத்தில் அன்று நான் கைநாட்டு வைத்திருக்கிறேன்.

3. நான் 1946இல் பிறந்தபோது எங்கள் ஊர் எல் சால்வடாரில் இருந்தது. 1992இல் பன்னாட்டு நீதிமன்றம் எல்லை வகுத்து ஊரை ஹோண்டுராசுக்குக் கொடுத்தது. அன்று கிழங்கு தோண்டத் தொடங்கியது ஒரு நாட்டில், மூட்டை கட்டியது இன்னொரு நாட்டில். அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. என் தாத்தாவின் தாத்தா ஸ்பெயின் அரசரின் மண்ணில் பிறந்து, மெக்சிகோவின் கொடியின் கீழ்த் தவழ்ந்து, மத்திய அமெரிக்கக் கூட்டாட்சியில் மணமுடித்து, எல் சால்வடாரில் இறந்தவர். ஒருமுறைகூட வீடு மாறவில்லை.

4. சென்ற திங்களன்று அட்டையைப் புதுப்பிக்கத் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். மூன்றாம் சன்னல் எழுத்தர், மறுபடியும் ஹோண்டுராஸ் என்றே நிரப்பிய படிவத்தை நீட்டி, "மலை அங்கயேதான இருக்கு நிக்கனோர் ஐயா, எந்த நாட்டுப் பேரா இருந்தா என்ன?" என்றார். "பேர் எதுவா இருந்தாலும் ஒண்ணுன்னா, நான் சொல்ற பேரையே போடுங்களேன் தம்பி" என்றேன். வரிசையில் நின்ற என் அண்ணன் மகள் காந்திதா, "சித்தப்பா, சட்டுனு கைநாட்டு வெச்சிட்டு வாங்க, லாரி கெளம்பிடும்!" என்று கத்தினாள். லாரி கிளம்பிவிட்டது. நடந்தே ஊர் சேர்ந்தேன்.

5. வரும் இருபதாம் தேதி நிலம் அளக்க வருகிறார்கள். செல்லுபடியாகும் அட்டை இல்லாதவருக்குப் பட்டா இல்லையாம். என் தந்தை காடு திருத்திய நிலம் அது. அதற்காகவும் பொய்யில் கையெழுத்திட மாட்டேன். பிறர் எழுதியதற்கு என் விரல் பொறுப்பில்லை. நான் எழுதுவதற்கு நானே பொறுப்பு.

6. ஆகவே, எல்லையை நகர்த்தும்படி நான் கேட்கவில்லை. என் பிறப்பை நகர்த்தாதீர்கள். புதிய படிவத்தைப் பேனாவால் நிரப்பி இணைத்துள்ளேன். கைநாட்டுக்கான கட்டம் காலியாக இருக்கும். அது மறதியன்று. இருபதாம் தேதிக்குள் அட்டையை அனுப்பி உதவுக. வராவிட்டால், நிலம் அளப்பவர்கள் வரும்போது இம்மனுவின் நகலோடு வயலின் நடுவில் நிற்பேன்.

தங்கள் ஆணையை எதிர்பார்க்கும்,
நிக்கனோர் அர்கெத்தா
(என் கையெழுத்து)

நாள்: 4 மார்ச் 2024
இடம்: பினால் ஆல்தோ, ஹோண்டுராஸ் (இன்றைய நிலவரப்படி)