பிரம்லி துரையின் சிபாரிசும் முருகையாவின் வழக்கும்

பதுளை,
சாதாரண வருஷம் மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

சிரஞ்சீவி வைரவநாதனுக்கு அப்பா மயில்வாகனம் எழுதுவது. கதிர்காமத்தான் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அம்மாவும் கடையும் கடைக்குள் குடியிருக்கும் எலிகளும் சுகம். அங்கே கொழும்பில் நீயும் உன் புதுக் கறுப்புக் கோட்டும் அதே மாதிரி சுகமாக இருக்க வேண்டும். கோட்டை மழையில் நனைய விடாதே, நீ நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம், அது நனைந்தால் சுருங்கிவிடும், பிறகு கோர்ட்டில் உன்னை யாரும் வாதாட வந்த பெரக்கிராசி என்று நம்பமாட்டார்கள். உன் அம்மா ராமலட்சுமிக்கு முழங்கால் வலி, எண்ணெய் போட்டுத் தேய்க்கிறாள், ஆனால் என்னைத் திட்டுவதற்கு முழங்கால் தேவைப்படாததால் வீட்டில் எந்த வேலையும் நிற்கவில்லை. எனக்கு வயிறு இன்னும் கொஞ்சம் முன்னேறியிருக்கிறது, குடும்பத்தில் உன்னைத் தவிர முன்னேறுவது அது ஒன்றுதான்.

உன் கடிதம் கிடைத்தது. பிரம்லி துரையும் உன்னைப்போல் வக்கீலாகத் தொடங்கி, நீதிபதியாகி, இன்றைக்கு எங்கேயோ ஒரு தீவுக்கே கவர்னராக இருக்கிறார், சீமைக்குப் போகிற வழியில் பழைய நண்பர்களைப் பார்க்கப் பதுளைக்கு வருகிறார், அவருடைய வாழ்க்கை வாலிபர்களுக்கு ஒரு விளக்கு, நீங்கள் போய்ப் பார்த்து எனக்கு நீதவான் வேலைக்கு ஒரு சிபாரிசு வாங்குங்கள் அப்பா என்று எழுதியிருந்தாய். வாங்கிவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதை நீ படிக்கமாட்டாய். இனி அந்த விளக்கு எப்படி எரிந்தது என்று கேள், அதற்குத் திரி போட்டவர்களில் நானும் ஒருவன்.

நீ தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் அவர் இந்த ஊருக்கு வந்தார். இத்ரூஸ் முதலாளியின் கடைக்கு மேல் ஒரு அறை, ஒரு குடை, ஒரு பெட்டி புத்தகம், வழக்கு ஒன்றும் இல்லை. மாலையில் நம் கடைக்கு வந்து துணி மூட்டைமேல் உட்கார்ந்து தமிழ் படிப்பார். முதலில் படித்த சொல் 'நாளைக்கு'. சட்டம் படித்தவருக்கு வேறு சொல் எதற்கு என்று நான் மேலே சொல்லிக் கொடுக்கவில்லை. அப்போதுதான் அழகர் என்ற தேயிலைத் தோட்டத்தாள், தாய் சாகக் கிடக்கிறாள் என்று கேட்டு யாரிடமும் சொல்லாமல் அடுத்த தோட்டத்துக்குப் போய்விட்டான். முன்னறிவிப்பு இல்லாமல் தோட்டத்தை விட்டவனுக்கு ஜெயில் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீ பாஸ் பண்ணியவன். பிரம்லி காசு வாங்காமல் அழகருக்காக எழுந்து நின்றார். இவன் தன் உழைப்பைத்தான் துரைக்கு எழுதிக் கொடுத்தான், பெற்றவளை எழுதிக் கொடுக்கவில்லை என்று அவர் போட்ட சத்தத்தில் கோர்ட்டுக் கூரையிலிருந்த புறாக்கள் அத்தனையும் பறந்தன. அழகர் விடுதலை. நாங்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு இத்ரூஸ் கடை வரைக்கும் வந்தோம். அன்று தாங்கிய இந்த வலது தோள் மழைக்காலத்தில் இன்னும் குடைகிறது. நீதியின் எடை கொஞ்சம் அதிகம்தான்.

அதற்கு அடுத்த மாதமே தோட்டத்துத் துரைமார் அவரைத் தங்கள் கிளப்புக்கு விருந்துக்கு அழைத்தார்கள். இவ்வளவு பெரிய தொண்டையை எதிர்ப்பக்கம் விட்டுவைப்பது ஆபத்து என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. விருந்துக்குப் பிறகு தொண்டை அவர்களுடையதானது. தோட்டத்து வழக்கெல்லாம் அவரிடம், நம் துணி மூட்டை காலி. சில வருஷத்தில் அவரே நீதிபதியாகி மேலே உட்கார்ந்தார். ஒருநாள் உன்னைப்போல ஒரு இளம் பெரக்கிராசி அவர் முன்னால் நின்று, பெற்றவளை எழுதிக் கொடுக்கவில்லை என்று அதே வாதத்தைச் சொன்னான். இந்த அபத்தத்தை முதலில் சொன்ன மூடன் யார் என்று துரை கேட்டார். அவன் பயந்துகொண்டே, தாங்கள்தான் பிரபுவே என்றான். கோர்ட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை, நானும் துண்டை வாயில் வைத்துக்கொண்டேன். துரை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அப்போது எனக்கு அனுபவம் போதாது என்று சொல்லி, கூண்டில் நின்றவனை ஜெயிலுக்கு அனுப்பினார். அப்படி அனுபவம் ஏற ஏற நாற்காலியும் ஏறியது. அவர் கவர்னரானார் என்று செய்தி வந்தபோது ஆச்சரியப்பட்டவர்கள் அவரைத் தெரியாதவர்கள் மட்டும்தான்.

துரை வருகிறார் என்றதும் பசார் வாசலில் பந்தல் போட்டோம். வரவேற்புப் பத்திரம் எழுதும் பொறுப்பு எனக்கு. இந்த ஊவா மாகாணம் முழுவதும் தேடினாலும் அவ்வளவு கூச்சமில்லாமல் புகழ இன்னொருவன் கிடைக்கமாட்டான் என்று இத்ரூஸ் சொன்னார், அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். நான் 'தர்மத்தின் திருவுருவே' என்று தொடங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் நல்லம்மா கடைக்குள் வந்தாள். உனக்குத் தெரியும், கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தீபாவளிக்குத் தீபாவளி வந்து சேலையை எடுத்துவிட்டு நிறம் சரியில்லை என்று என்னோடு சண்டை போடுவாளே, அவள். இந்தத் தடவை சண்டை போடவில்லை. அவள் மகள் பூவம்மாவை ஹாலிஎலைத் தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பிரசவம் சிக்கலாகி, பிள்ளை பிழைக்காது, தாயும் பிழைக்கமாட்டாள் என்று ஆள் வந்திருக்கிறது. நல்லம்மா முதலில் ஓடினாள். அவள் புருஷன் முருகையா கங்காணியிடம் லீவு கேட்டான், கொழுந்து நிறைந்து கிடக்கும்போது உனக்கென்னடா பேறுகாலம் என்று கங்காணி கேட்டார். முருகையா நடந்தே போய்விட்டான். கடவுள் காப்பாற்றினார், தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பேரனைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவன் மறுநாளே தன் தோட்டத்துக்குத் திரும்பி நடந்தான். தெமோதரையில் ரோட்டில் வைத்துப் பிடித்தார்கள். ஓடிப்போன கூலி என்று வழக்கு, இப்போது பதுளை மறியல் சிறையில் இருக்கிறான். நல்லம்மா நம் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறாள், உன் அம்மாதான் இருத்தி வைத்திருக்கிறாள். நான் ஏதாவது செய்யும்வரைக்கும் எனக்குக் கோப்பி கிடையாது என்றும் சொல்லிவிட்டாள்.

இத்ரூஸ் ஒரு வழி சொன்னார். "கவர்னர் தொரையே வாறாரு, ஒங்க பத்திரத்துல கடைசியா ஒரு வரி சேத்துப் போடுங்க பிள்ளை, ஆள் வெளிய வந்துருவான்" என்றார். ஊரே ஆமாம் என்றது. எந்த ஊருக்குக் கவர்னர் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, கவர்னர் என்றால் கவர்னர்தானே. நம் வழக்கப்படி புகழ்ச்சி முன்னால், கேட்பது பின்னால். ஒரு உயிருக்காகக் கேட்கிறோம், புகழ்ச்சி குறைந்தால் காரியம் கெட்டுவிடுமோ என்று நான் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சேர்த்துக்கொண்டே போனேன். பந்தலில் நின்று வாசிக்கும்போதுதான் தெரிந்தது, அது பத்திரமல்ல, புராணம். நான் செங்கோலைத் தாண்டி வெண்கொற்றக் குடைக்கு வந்தபோதே துரைக்குக் கண் சொருகியது. கருணைக் கடல் வந்தபோது கால் மரத்துப்போய் எழுந்து நின்றார். துரை எழுந்தால் மேளம் அடிக்க வேண்டும் என்று தப்புக்காரர்களுக்கு நானேதான் சொல்லி வைத்திருந்தேன். அடித்தார்கள் பார், முருகையாவுக்காக எழுதிய அந்த ஒரு வரியைத் தப்புக்கும் கொம்புக்கும்தான் வாசித்தேன். துரை கைகொடுத்து, மிக அழகான புகழுரை, என் மாளிகைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டுவேன் என்றார். ஆக நம் முருகையாவின் கோரிக்கை கடல் கடந்து போகிறது, மாட்டுவதற்கு.

அப்போது நல்லம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். தட்டில் எலுமிச்சம்பழத்தை வைத்தாள், காலில் விழவில்லை, நின்றே பேசினாள். "எம் புருஷன் எங்கயும் ஓடலைங்க சாமி. மகளப் பாத்துட்டுத் தோட்டத்துக்குத்தான் வந்துக்கிட்டு இருந்தாரு. தோட்டத்தப் பாத்து நடந்தவரப் புடிச்சு ஓடிட்டான்னா எப்புடிங்க?" என்றாள். துரைக்குத் தமிழ் மறக்கவில்லை. ஒரு கணம் முகம் மாறியது, இத்ரூஸ் மாடியில் இருந்த பழைய முகம் எட்டிப் பார்த்தது போல எனக்கு இருந்தது. உடனே உள்ளே போய்விட்டது. இந்த நாட்டில் எனக்கு அதிகாரம் இல்லை, என் அதிகாரமெல்லாம் என் தீவில்தான் என்று சொன்னார். "அப்ப ஒங்க தீவுல இப்புடிப் போனா வுட்டுருவீங்களா?" என்று கேட்டாள் பார், தம்பி, பக்கத்தில் நின்ற அரசாங்க ஏஜெண்டு துரை இருமினார், அவருடைய கச்சேரி ஆபீஸ் முதலியார் வானத்தைப் பார்த்தார். கவர்னர் சிரித்துக்கொண்டு, அங்கேயும் இதே சட்டத்தை நானே கொண்டுவந்திருக்கிறேன், நன்றாக நடக்கிறது என்றார். "அப்ப இது எதுக்கு?" என்று தட்டிலிருந்த எலுமிச்சம்பழத்தைத் திரும்ப எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள். துரை கழுத்தில் என் மாலை மட்டும் கிடந்தது. என் வாழ்நாளில் அவள் வாசித்ததுபோல் ஒரு பத்திரத்தை என்னால் எழுத முடியாது.

பிறகு தேநீர். துரை என்னைப் பார்த்து "மயில்! இன்னும் இருக்கிறாயா?" என்றார், இருப்பதற்கு மன்னிப்புக் கேட்டேன். மகனும் வக்கீல் என்றதும் மனம் குளிர்ந்து, நான் கேட்பதற்கு முன்பே காகிதம் எடுத்து எழுதினார். உன்னை ஒருநாளும் பார்க்காத அந்த மனிதர், உன் நேர்மைக்கும் நிதானத்துக்கும் அனுபவத்துக்கும் உறுதி சொல்லியிருக்கிறார். மறியலில் கிடப்பவனுக்கு ஒரு வரி எழுத அதிகாரம் இல்லாதவருக்கு, உனக்கு ஒரு பக்கம் எழுத அதிகாரம் இருந்தது. நானும் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன், கும்பிட்ட கை என்னுடையதுதான், அதை நான் மறுக்கவில்லை.

அந்தச் சிபாரிசு இப்போது என் பெட்டியில் இருக்கிறது. தபாலில் அனுப்பமாட்டேன். வருகிற வியாழக்கிழமை காலையில் முருகையாவின் வழக்கை எடுக்கிறார்கள். இந்த ஊரில் இருக்கும் பெரக்கிராசிகள் எல்லோருக்கும் அன்றைக்கு வேறு வேலை இருக்கிறதாம், கேட்டுப் பார்த்துவிட்டேன். அதனால் என் மகன் வருவான் என்று நல்லம்மாவிடம் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்பு, சண்டையை வந்து போடு. பண்டாரவளையில் ரயிலை விட்டு இறங்கு, இத்ரூஸ் முதலாளியின் வண்டி காத்திருக்கும். நீ பேசி முடித்து வெளியே வந்ததும், ஜெயித்தாலும் தோற்றாலும் சிபாரிசை உன் கையில் தருகிறேன். ஒன்றை மறைக்கக் கூடாது, முருகையாவுக்காக நீ நின்ற பிறகு அந்தக் காகிதத்தைத் துரைமார் மதிப்பார்களா என்பது எனக்குத் தெரியாது. மதிக்கமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். நேற்றே கங்காணி கடைக்கு வந்து, அடுத்த வருஷம் தோட்டத்துக் கம்பளியை வேறு இடத்தில் எடுத்துக்கொள்வோம் என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். நானும் மரியாதையாகத் தாம்பூலம் கொடுத்து அனுப்பினேன். எலிகளுக்குக் கம்பளி நிறைய மிஞ்சும். நீ வராமல் போனாலும் நான் கோபப்படமாட்டேன், ஆனால் உன் அம்மாவுக்கு அதை நீயே எழுது, எனக்குக் கோப்பி வேண்டும்.

வரும்போது கோட்டை மடித்து மேலே வைத்துக் கொண்டு வா, அப்புத்தளையில் குளிர் அதிகம், கழுத்தைச் சுற்றிக்கொள். நேற்று நல்லம்மா மறியலுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து வாசலில் நின்றாள். நீ எங்கே படித்தாய், எத்தனை வழக்கு ஜெயித்தாய் என்று ஒன்றும் கேட்கவில்லை. "தம்பி பயப்படாமப் பேசுமாங்க?" என்று மட்டும் கேட்டாள். பேசுவான் என்று சொல்லியிருக்கிறேன்.

எல்லா நன்மையும் உனக்கு உண்டாகட்டும். வியாழக்கிழமையை மறவாதே.

இப்படிக்கு, உன் வருகைக்காகக் கோப்பி இல்லாமல் காத்திருக்கும் அப்பா,
மயில்வாகனம்.