புரொசசருக்கு வேகம் கூட்ட முன்னர்

நிலக்சனா பிள்ளை,

சோறும் பாரைமீன் குழம்பும் குசினியில் மூடி வைத்திருக்கிறேன்.

புரொசசருக்கு வேகம் கூட்டாதே என்றதுக்கு, “உங்களுக்குக் கொம்பியூட்டர் விளங்காதப்பா” என்று நேற்றுக் கதவை அடித்துச் சாத்தினாய். வேகம் கூட்டினால் சூடேறும் என்பது எனக்கு விளங்கும். ஒருக்கா வள்ளத்து எஞ்சினுக்கு வேகம் கூட்டினேன். போன வேகத்தில் வள்ளத்துக்கு முன்னமே நான் நெடுந்தீவில் இறங்கித் தேத்தண்ணி குடித்து முடித்த பிறகுதான் வள்ளம் வந்து சேர்ந்தது. எஞ்சின் அன்றோடு சரி.

சொன்னால் கேட்கிறாயில்லை. உன் மலிவுப் புரொசசரின் காற்றாடி முழுக்க உப்புக்காற்றில் உப்புப் பூத்துக் கிடக்குது. அதைக் கழற்றி, கடலால் வந்த எஞ்சினைப் போல நல்லதண்ணியில் கழுவிக் கொடியில் காயப்போட்டிருக்கிறேன். அது காயும்வரை கொம்பியூட்டரைப் போடாதே.

அப்பா

பி.கு.: இப்போது சுழற்றிப் பார்த்தேன், சுற்றுதில்லை. கத்தாதே. பெரிய காற்றாடி ஒன்று வாங்க யாழ்ப்பாணம் போகிறேன். அதைப் பூட்டிவிட்டு விரும்பினபடி வேகம் கூட்டு. என்னைப் போல, கொம்பியூட்டருக்கு முன்னம் நீ மட்டும் போய்ச் சேராதே.