மிஸ்ஸி வரும் நாளில் மட்டும் சுகம்

1997 மார்ச் 3, பல்லேபொல

சமைக்க ஆள் இருந்தும் தானே அரிசி கழுவிக்கொண்டிருந்தவள் சட்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஸைனம்பு, என் பெண்சாதி. விழவில்லை, மயங்கவில்லை. உட்கார்ந்தாள், எழும்ப முடியவில்லை, அவ்வளவுதான். மார்பில் இருந்த புற்றுக் கட்டியை வெட்டி எடுத்து, கண்டி ஆஸ்பத்திரியில் கதிர் கரண்ட் பிடித்து, எல்லாம் முடிந்து மாதக் கணக்காகிறது. மகன் ஸமத் கடையிலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறான்: "டாக்டர் சுகம் என்டு செல்லிட்டாரே வாப்பா. உம்மா கொஞ்சம் நடந்து திரிஞ்சா சரியாகும்."

நடந்து திரியட்டுமாம்! அவள் நடக்காத நடையா?

எனக்கு எழுத்து வராது. மருமகள் றம்லாதான் எழுதுகிறாள், பின்னேரம் அஸர் தொழுத பிறகு. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். நான் ஒரு மாதிரி சொன்னால் அவள் புத்தகத் தமிழில் ஒரு மாதிரி எழுதுவாள். எழுதட்டும். மனதுக்குள் வைத்திருந்தால் கடையில் போய்க் கத்திவிடுவேன்.

"இவர்ட பேரையும் போடவா மாமா?" என்று கேட்கிறாள். புருஷனைத் திட்டி எழுத அவளுக்குச் சங்கடம். போடு. கொட்டை எழுத்தில் போடு.

மார்ச் 9

மாத்தளை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் மிஸ்ஸி சொல்லி அனுப்பியிருக்கிறாள், வெள்ளிக்கிழமை காலையில் வருவாளாம். நோயாளிகளின் களைப்பைப் பற்றி ஆராய்ச்சியாம். மருந்து தருவாளா? இல்லை. ஊசி? அதுவும் இல்லை. பூச்சியத்துக்கும் பத்துக்கும் நடுவே களைப்பு எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டு போவாளாம். களைப்பென்ன மிளகா, தராசில் போட?

ஆள் யாரென்று விசாரித்தேன். டொறீன், தேயிலைத் தோட்டத்து இஞ்ஞாசியின் மகள். சம்பள நாட்களில் புடவை மூட்டையோடு நான் லயத்து வீடுகளுக்குப் போய்வந்து 'புடவ நானா' என்று பெயரெடுத்த காலத்தில் இவள் கைப்பிள்ளை. தாய் திரேசம்மாவை நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட சீத்தைச் சீலை எடுத்தாள். இரண்டு காலும் வீங்கியிருந்தன. புளியமரத்தடியில் நின்ற கங்காணி என் முன்னாலேயே சொன்னான்: "கொழுந்து எடுக்கத்தான் இவளுக்குக் களைப்பு. சீல எடுக்கக் களைப்பில்ல." மறு வருஷம் போனபோது அவள் இல்லை. சிறுநீரக வியாதி என்று பிறகு சொன்னார்கள். கங்காணி அப்போதும் அதே புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தான்.

மார்ச் 14

வந்தாள். அதற்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

மூன்று நாளாகத் தலை வார முடியாமல் கிடந்தவள், இன்று விடியுமுன் ஸுபஹுக்கே எழும்பிவிட்டாள். நெய்ச்சோறு, கோழி, வட்டிலப்பம்! அவளுக்கு நோய் வந்த நாளிலிருந்து நம் வீட்டில் சமைக்கிற இலட்சுமியைக்கூட அடுப்புக்கு அண்ட விடவில்லை. "விருந்தாளிக்கு நான்தான் ஆக்கணும். நீ தேங்காயத் திருவு."

காலையில் வரவேண்டிய மிஸ்ஸி பகல் ஜும்ஆத் தொழுகை கழிந்துதான் வந்தாள். வழியில் ஆமியின் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிப் பார்த்தார்களாம். தமிழ்ப் பெண், பை நிறையத் தாள்கள், தாளில் பெயர்களும் இலக்கங்களும். இது என்ன கணக்கு, யாருக்குக் கொண்டுபோகிறாய் என்று ரோட்டோரம் நிறுத்தி வைத்தார்களாம். களைப்பின் கணக்கு என்று சொன்னால் எந்த மடையன் நம்புவான்? அவள் வெயிலில் நின்ற நேரமெல்லாம் இவள் அடுப்படியில் நின்றாள், திரும்பத் திரும்பச் சூடாக்கிக்கொண்டு.

"களைப்பு எப்படிங்க உம்மா இருக்கு?"

"எனக்கென்ன மகள், அல்லாட காவல்ல நல்லா ஈக்கிறேன். இன்னும் கொஞ்சம் சோறு போடவா?"

"பத்துல எத்தனன்னு சொல்லலாம்?"

"ஒண்டு போட்டுக்கொள்ளுங்க. ஒண்டுமே இல்லாட்டி நீங்க இவ்வளவு தூரம் வந்ததும் வீண்தானே."

எல்லோரும் சிரித்தார்கள். மிஸ்ஸியும் சிரித்து ஒன்று போட்டுக்கொண்டாள். நான் வாயைத் திறந்தேன். ஸைனம்பு பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

மார்ச் 15

எழும்பவில்லை.

மார்ச் 16

இன்றும் இல்லை. வாய்க்குக் கரண்டியைக் கொண்டுபோகக் கை வரவில்லை. நெய்ச்சோறு ஆக்கிய கை!

மார்ச் 19

ஸமத் இலட்சுமியை நிறுத்திவிட்டான். "மிஸ்ஸியே ஒண்டு போட்டுட்டாங்க வாப்பா. பிறகு வேலைக்கு ஆள் என்னத்துக்கு?" வீட்டுக்கும், கடையில் நிற்கிற ஆட்களுக்கும் பகல் சோறு இனி ஸைனம்புவின் தலையில். றம்லா அந்த நேரம் பள்ளிக்கூடத்தில்.

டேய், உன்ட உம்மாடா அவ! வயித்துல நீ ஈக்கக்குள்ள மிளகு காயப்போட்டவடா! ஒரு பொம்புள ஒரு தாள்ல ஒண்டு எழுதினா உனக்கு அது வேதமா? — எழுது றம்லா, ஏன் நிற்கிறாய்?

மார்ச் 21

"ஏன்டி ஒண்டு என்டு செல்லின?" என்று கேட்டேன்.

"வீட்டுக்கு வந்த புள்ளைக்கு முன்னால படுத்துக்கிட்டு ஏலா ஏலா என்டு முனகவா? ஒரு வாய் சோறும் குடுக்காம?"

"அவ சோறு தின்ன வரல்லடி. உன்ட களைப்பப் பாக்க வந்தா."

"தின்டுட்டுப் பாக்கட்டும். சும்மா பாத்துட்டுப் போறது என்ட வாசல்ல நடக்காது."

இவ்வளவு பேசியதே அவளுக்கு மலையேறியது போலாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டாள். யார் மேல் கோபப்படுவது? இவள் மேலா, மிஸ்ஸி மேலா, மகன் மேலா? மூன்று பேர் மேலும்தான். எனக்கு அதற்கு இன்னும் தெம்பிருக்கிறது.

மார்ச் 25

பஸ் பிடித்து மாத்தளைக்குப் போய், ஆஸ்பத்திரி வராந்தாவில் மிஸ்ஸியைப் பிடித்துக்கொண்டேன். "நீ போட்ட ஒண்டு என்ட வீட்டு அடுப்புல எரியுது. அதுல என்ட பொஞ்சாதிய வேக வெக்கிறாங்க." போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அவள் தடுக்கவில்லை. நான் முடிக்கும்வரை கேட்டாள். பிறகு, பெரிய டாக்டர் அவளுடைய தாள்களைப் புரட்டிப் பார்த்துச் சிரித்ததைச் சொன்னாள். களைப்பெல்லாம் ஒரு நோயா, எனக்கும்தான் களைப்பு என்றாராம். கிராமத்துப் பெண்கள் எல்லோரும் ஒன்று, இரண்டு என்றுதானே சொல்லியிருக்கிறார்கள், இதில் ஆராய என்ன இருக்கிறது என்றும் கேட்டாராம்.

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"புடவ நானா, அன்னைக்கு அந்தச் சோறு ஆக்குனது யாரு? உம்மாவா?"

"வேற யாரு?"

முகம் மாறிவிட்டது. "போன வீட்ல எல்லாம் சாப்பிட்டேனே நானா. எல்லாத்தையும் அந்த நோயாளிங்கதான் ஆக்கியிருப்பாங்க. வர்றேன்னு முன்னாடியே சொல்லி அனுப்பிட்டு, களைப்பப் பாக்கப் போயிருக்கேன்." வராந்தாச் சுவரில் சாய்ந்துகொண்டாள். "எங்கம்மாவும் அப்படித்தான். தோட்டத்துத் தொர மலைக்கு வர்ற அன்னைக்கு மட்டும் ஓடி ஓடிக் கொழுந்தெடுப்பாங்களாம். அத வச்சுத்தான் மத்த நாளெல்லாம் கள்ளம்னு சொன்னாங்க."

என் கோபம் பாதிவழியில் நின்றுபோனது. மிச்சத்தைத் திரும்பி வரும்போது பஸ் கண்டக்டரிடம் காட்டினேன்.

ஏப்ரல் 3

சொல்லாமல் வந்தாள். கடை ஆட்கள் தின்றுவிட்டுப் போன நேரம். ஸைனம்பு குசினியில், அடுப்படித் தரையில், கழுவாத கோப்பைகளுக்கு நடுவே சுருண்டு கிடந்தாள். மிஸ்ஸியைக் கண்டதும் கையை ஊன்றி எழும்பப் பார்த்தாள்.

"எழும்புனீங்கன்னா நான் திரும்பிப் போயிருவேன் உம்மா." தரையிலேயே பக்கத்தில் உட்கார்ந்தாள். பையிலிருந்து தான் கொண்டுவந்த பேக்கரிப் பணிஸை எடுத்துத் தின்றாள், நம் வீட்டில், நம் கண் முன்னால்! ஸைனம்பு அழுதுவிட்டாள். வயிற்றை வெட்டினால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அழுது முடித்த பிறகுதான் சொன்னாள்: "ஒம்பது போடுங்க மகள். எந்த நாளும் ஒம்பதுதான்."

மிஸ்ஸி ஸமத்தைக் கூப்பிட்டு, ஒன்பது போட்ட தாளைக் காட்டினாள். "இதுக்குப் பேர் என்ன மிஸ்? என்ன வருத்தம்?" என்றான் அவன்.

"பேரு களைப்புதான். கட்டி போனாலும் சில பேருக்கு இது போறதில்ல. தூங்குனாலும் போகாது. சோம்பல் இல்லங்க இது."

"களைப்பு எல்லாருக்கும் ஈக்கிதுதானே" என்று முணுமுணுத்துவிட்டுக் கடைக்குப் போனான். அவன் கேட்டது பெரிய பெயர். இங்கிலீஷில் ஏதாவது சொல்லியிருந்தால் பயந்திருப்பான்.

நானே போய் இலட்சுமியைக் கூட்டிவந்தேன். ஸமத் தடுக்கவில்லை. தாயின் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

1998 செப்டம்பர் 12

மிஸ்ஸி எல்லா வீட்டுக்கும் மறுபடி போனாளாம், சொல்லாமல், கையில் பணிஸோடு. இப்போது அதே களைப்பைப் படிக்க வெளிநாட்டுக்குப் போகிறாள். சொல்லிவிட்டுப் போக வந்தாள். கொழும்பில் டாக்டர்மார் கூட்டத்தில் வாசித்த கட்டுரையில் அவள் பெயருக்கு மேலே, சிரித்த அந்தப் பெரிய டாக்டரின் பெயராம்! எனக்குப் பற்றி எரிகிறது. அவள் என்னவென்றால், "விடுங்க நானா, இப்ப அவரும் நோயாளிங்கக்கிட்ட கேக்குறாரு" என்கிறாள்.

நான் விடமாட்டேன்.

1999 ஜனவரி 20

நோன்புப் பெருநாளுக்கு மறுநாள். றம்லாவின் வீட்டார் வான் நிறைய வந்து இறங்கினார்கள். ஸைனம்பு காலையிலிருந்து கட்டிலில். வாசலில் சத்தம் கேட்டதும் ஒரு காலைத் தரையில் வைத்துவிட்டாள். நான் அதட்ட வாயெடுத்தேன். அதற்குள் முன்னறையில் றம்லாவின் உம்மாவின் குரல்: "மருமகன், எங்க உங்கட உம்மா? காணல்லியே?"

ஸமத் சொன்னான்: "உம்மாக்குக் களைப்பு மாமி. எழும்ப ஏலா. நீங்க உள்ளுக்குப் போய்ப் பாருங்க."

காய்ச்சல் என்று சொல்வதைப் போலத்தான் சொன்னான். யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. இதைச் சொல்ல இந்தக் கழுதைக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது. அதையும் எழுது றம்லா.

ஸைனம்பு காலைத் தூக்கித் திரும்பவும் கட்டிலில் போட்டுக்கொண்டாள். பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். படுத்தபடியே அவர்களைக் கேட்டாள்: "எல்லாரும் சாப்பிட்டீங்களா?"