கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வெயில்

என்னங்க,

நலம்தானே? முதுகுவலி எப்படி இருக்கிறது? சின்னவள் அடம்பிடிக்காமல் சாப்பிடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன். ரத்தமே எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள், அதனால் தாராளமாக நம்பலாம்.

பதறாதீர்கள். நோய்நொடி இல்லாதவர்களுக்கு வைட்டமின் டி குறைந்தால் உடம்புக்குள் அழற்சி வருமா என்று ஏதோ ஆராய்ச்சியாம். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஆள் கேட்டார்கள். சலவைக்கூடத்திலிருந்து நானும் கையை நீட்டினேன். எனக்கு அழற்சி இல்லை. வைட்டமின் டி மட்டும் அதலபாதாளத்தில் இருக்கிறதாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தினமும் சாப்பாட்டு நேரத்துல ஜன்னலோரம் வெயில்லதானே உக்கார்றேன்?" என்று நர்ஸிடம் சண்டைக்கே போனேன்.

"ஜன்னல் திறந்திருக்குமா?"

"திறக்கவே முடியாது, கண்ணாடி."

அவள் சிரித்துவிட்டாள். "கண்ணாடி வழியா வெளிச்சம் வரும்க்கா, சூடும் வரும். உடம்புக்கு வேண்டியது வராது."

இத்தனை நாள் வெயில் காய்ந்தது வீண். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இப்போது லாரி வந்து நிற்கும் இடத்தில், சுவரோரம் வெயிலில் நின்றபடி தனியாகச் சாப்பிடுகிறேன்.

நேற்று வீடியோ காலில் சின்னவள் போன் கண்ணாடியில் கன்னத்தை வைத்து அழுத்தினாளே, அப்போது நர்ஸ் சொன்னதுதான் ஞாபகம் வந்தது.

மெஷின் நின்றுவிட்டது, போக வேண்டும். ஒரே ஒரு உதவி. ஊரிலிருந்து இந்தப் பக்கம் யாராவது வந்தால், அவள் போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். பொறுப்பாகத் துவைத்து மடித்து வைத்துவிடாதீர்கள். துவைத்த துணி இங்கே மலைமலையாகக் கிடக்கிறது.

உங்கள் வீட்டுக்காரி